அரும்பாவூர் உளியும் 'இன்ஸ்பிரேஷன்' என்கிற கேள்வியும்

கைவினைக் கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கம் 'டிசைனர்' கடைகள் இருக்கும். அழகான பெயர்ப்பலகை, பக்கத்தில் ஒரு சின்ன அட்டை, அதில் செய்தவரின் போட்டோ, 'பாட்டி வீட்டு முற்றம்தான் என் இன்ஸ்பிரேஷன்' என்கிற மாதிரி நாலு வரி. இன்னொரு பக்கம் 'கைவினைஞர்' கடைகள். அங்கே ஊர்ப் பெயர் மட்டும்தான். சுவாமிமலை, நாச்சியார்கோவில், அரும்பாவூர். ஆள் பெயர் இருக்காது.

இரண்டு பக்கமும் பொருளைக் கையால் செய்கிறவர்கள்தான். ஆனா ஒருத்தர் யோசிக்கிறவர், இன்னொருத்தர் செய்கிறவர் என்று நாமாகவே பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்க எனக்கு ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. எங்க வேப்பந்தட்டை வட்டத்திலேயே அரும்பாவூர் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பச்சமலைப் பக்கத்து ஊர் அரும்பாவூர். அதுவும் அருகில் உள்ள தழுதாழையும் தேர், சாமி வாகனம், மரச்சிற்பம் செய்வதற்குப் பெயர் பெற்றவை. 2020 மே மாதம் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டோடு சேர்த்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு மாதிரி மரங்களில் செய்கிறார்கள். ஒட்டுப் போடாமல் ஒரே மரத்துண்டில் குடைந்து எடுப்பதுதான் இந்த வேலையின் பெருமை. மலைக்கு அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியிலும், வடக்கே கள்ளக்குறிச்சியிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேலை நடக்கிறது.

அங்கே பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் அந்தக் கண்காட்சிக் கேள்வியையே கேட்டுப் பார்த்தேன். உங்க வேலைக்கு இன்ஸ்பிரேஷன் எது?

"சாமி படந்தாண்ணே. போன்ல அனுப்புவாங்க, பாத்து செஞ்சு குடுப்போம்."

அவ்வளவுதான் பதில். அட்டையில் அச்சடிக்க இதில் ஒன்றும் இல்லை. இதை வைத்து 'இவர்கள் காப்பி அடிக்கிறவர்கள், வடிவமைப்பாளர்கள் அல்ல' என்று முடிவு கட்டுவது ரொம்பச் சுலபம். எனக்கு என்னவோ கேள்விதான் தப்பு என்று படுகிறது. படம் எங்கிருந்து வந்தது என்பதில் அவருடைய யோசனை இல்லை. அந்தப் படம் மரத்துக்குள் எப்படிப் போனது என்பதில்தான் இருக்கிறது.

நடராஜரையே எடுத்துக்கொள்வோம். சுவாமிமலையில் அவரை உலோகத்தில் வார்க்கிறார்கள். உலோகத்துக்கு நெடுக்கு, குறுக்கு கிடையாது. கை எந்தப் பக்கம் நீண்டாலும் அதே பலம். மரம் அப்படி இல்லை. நார் ஓடும் திசையில் பலம், அதற்குக் குறுக்கே போனால் பிஸ்கட் மாதிரி உடையும். நிற்கிற சிலைக்கு மரத்தை நெடுக்காக நிறுத்தினால் நார் மேலிருந்து கீழாக ஓடும். அபய முத்திரையில் விரல்கள் மேல் நோக்கி இருக்கின்றன, வரத முத்திரையில் கீழ் நோக்கி. இரண்டுமே நார்ப் போக்கில் அமைவதால் பிரச்சினை இல்லை. ஆனா நடராஜரின் தூக்கிய கால், உடம்புக்குக் குறுக்கே வீசிய கை, விரிந்த சடை எல்லாமே நாருக்குக் குறுக்கே ஓடுகின்றன. ஒரு மெல்லிய மரக் காலை அப்படிக் காற்றில் தொங்க விட்டால் பஸ்ஸில் ஊர் போய்ச் சேருவதற்குள் முறிந்துவிடும்.

அப்போ என்ன செய்வது? சடையின் நுனிகளைத் திருவாசியோடு சேர்த்து விடலாம். பறக்கும் துணியைத் தாங்கலாக வைக்கலாம். காலைக் கொஞ்சம் தடிமனாக வைத்து, பார்வைக்கு மெலிதாகத் தெரியும்படி ஓரத்தைச் சரிக்கலாம். பார்க்கிற நமக்குத் திருவாசி அலங்காரம். மரத்தில் அது கட்டுமானமும்கூட. ஒரு நல்ல மர நடராஜரைப் பார்க்கும்போது எது எதைத் தொடுகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தொடுதலும் ஒரு முடிவு. போனில் வந்த படத்தில் அந்த முடிவுகள் கிடையாது.

அளவும் இப்படித்தான். சிற்ப நூல் மரபில் உருவத்தின் உயரத்தைத் தாலம் என்ற அலகால் பிரிக்கிறார்கள். ஒரு தாலம் ஒரு முகத்தின் நீளம், அதாவது 12 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கும் இஞ்ச் அல்ல, அந்தந்தச் சிலையின் உயரத்திலிருந்தே கிடைக்கும் பங்கு. நவதாலம் என்றால் 108 பங்கு, உத்தம தசதாலம் என்றால் 124. பிள்ளையாருக்குப் பஞ்சதாலம், அதனால்தான் அவர் குட்டையாக, குழந்தை மாதிரி இருக்கிறார். சுவாமிமலையில் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்தே அளவு எடுக்கும் பழக்கம் உண்டு. புரோகிராம் எழுதுகிற எனக்கு இது உடனே புரிந்தது. எண்களை நேரடியாக எழுதாமல் எல்லாவற்றையும் ஒரே மாறியிலிருந்து வருவிப்பது. மரத்துண்டு எந்த அளவில் கிடைத்தாலும் உருவம் அதற்குள் சரியாக உட்கார்ந்துவிடும்.

சரி, விமர்சனத்துக்கு வருவோம். எங்க ஊர்ப் பொருள் என்பதற்காக எல்லாவற்றையும் ஆகா ஓகோ என்று சொன்னால் அது செய்கிறவர்களுக்கு மரியாதை இல்லை.

இன்று கடைகளுக்குப் போகும் சிற்பங்களில் பெரும்பகுதியில் நான் காணும் முதல் குறை, வெறும் இடத்தைப் பார்த்தால் பயம். தூண், கொடி, மணி, பூ, அதற்குள் இன்னொரு பூ. காலண்டர் படம் தட்டையான தாளில் வரைந்தது, அங்கே நிழலைத் தூரிகை போடுகிறது. மரத்தில் நிழலை ஆழம்தான் போட வேண்டும். எல்லா இடமும் ஒரே ஆழத்தில் நிரம்பிவிட்டால் வெளிச்சம் எங்கும் தங்காது, முகம் கூட்டத்தில் காணாமல் போய்விடும். இரண்டாவது குறை பாலிஷ். கறுப்பாகவும் பளபளப்பாகவும் அடித்துவிட்டால் வாகைக்கும் வேம்புக்கும் வித்தியாசம் தெரியாது. உளித் தடமும் போய்விடும். பிறகு அது மரம்தானா என்றே தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு குறைகளும் ஏன் ஆபத்து என்றால், மெஷின் சுலபமாகச் செய்வதும் இதே வேலையைத்தான். மலிவாகக் கிடைக்கும் சிஎன்சி ரவுட்டரில் மூன்று அச்சுகள். இடம் வலம், முன் பின், மேல் கீழ். பலகையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஓர் ஆழம்தான் கொடுக்க முடியும். மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்துக்குள் அந்த முனை போகவே போகாது. கிருஷ்ணரின் புல்லாங்குழலுக்கும் மார்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, மாலைக்கு உட்புறம், விரல்களுக்குப் பின்பக்கம் எல்லாம் அதற்கு எட்டாது. உள்மூலைகள் முனையின் அளவுக்கு உருண்டுதான் வரும், உளி வெட்டியது போலக் கூராக வராது. ஐந்து அச்சு மெஷின் இதில் பலவற்றைச் செய்துவிடும், ஆனா விலை வேறு கணக்கு. ஆக, பலகை நிறைய ஒரே ஆழத்தில் பூ வேலை செய்து கறுப்பு பாலிஷ் அடிக்கிற சிற்பி, தனக்கு எட்டாத விலையில் விற்கும் ஒரு மெஷினோடு அதன் மைதானத்திலேயே போய் மோதுகிறார்.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்த டேவிட் பை, 1968இல் வந்த தன் புத்தகத்தில் கைவேலை, மெஷின் வேலை என்று பிரிக்காமல் வேறு மாதிரி பிரித்தார். முடிவு முன்கூட்டியே உறுதியான வேலை ஒன்று, கடைசி நிமிடம் வரை கெட்டுப்போகும் வாய்ப்புள்ள வேலை இன்னொன்று. ஒரே துண்டில் குடையும் நடராஜர் இரண்டாவது வகை. கடைசி விரலில் கொட்டாப்புளி கொஞ்சம் பலமாக இறங்கினால் அதுவரை செய்த உழைப்பு மொத்தமும் அடுப்புக்குத்தான். அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு செய்ததன் பலன் பொருளில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எதற்கு அந்த ஆபத்து?

புதிதாக வருகிறவர்களின் வேலையில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளையார். நல்லாப் போகிறதாம். எனக்கு இது புதுமையாகப் படவில்லை. உடம்பு, உட்காரும் விதம், பீடம் எல்லாம் பழையது, சுவடிக்குப் பதில் லேப்டாப். பொருள் மாறியதே தவிர எந்தப் பிரச்சினையும் புதிதாகத் தீர்க்கப்படவில்லை. இரண்டாவது, மேலே சொன்ன அந்த இளைஞர் செய்த ஒரு ஜோடி யாளி. தேர்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், யாளி வெளியே நீட்டி நிற்கும். அதை அவர் அடக்கமான அளவில், சுவரில் புத்தகப் பலகையைத் தாங்கும் தாங்கியாகச் செய்திருக்கிறார். முன்னங்கால்கள் சுமை இறங்கும் திசையில், நாரும் அதே திசையில். பிடரியில் மட்டும் ஆழமான வேலை. வயிற்றுப் பகுதியை உளித் தடத்தோடு அப்படியே விட்டிருக்கிறார், மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும். தேரில் பார்த்த விலங்குக்கு வீட்டுக்குள் ஒரு வேலை கிடைத்துவிட்டது. இன்ஸ்பிரேஷன் என்ற சொல்லுக்கு ஏதாவது அர்த்தம் இருந்தால் அது இதுதான். வடிவத்தை மட்டும் கடன் வாங்காமல், அந்த வடிவம் ஏன் அப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்வது.

அந்த யாளியின் அடியில் உங்க பேரை வெட்டுங்களேன் என்றேன். "பேர் போட்டா கடைல எடுக்க மாட்டாங்கண்ணே. அப்புறம் வாங்குறவங்க நேரா எனக்கே போன் பண்ணிருவாங்கல்ல" என்றார்.

கைவினைஞருக்குப் பெயர் வேண்டாம் என்பதற்கு ஒரு பெரிய தத்துவமே இருக்கிறது. அதை அழகாகச் சொன்னவர்களில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், தந்தை ஈழத்துத் தமிழர், படிப்பு நிலவியல். அவருடைய 'தி இந்தியன் கிராஃப்ட்ஸ்மேன்' 1909இல் வந்தது. மரபான கைவினைஞன் தன்னை முன்னிறுத்துவதில்லை, சமூகத்துக்காகச் செய்கிறான் என்பது அவர் பார்வை. கோயிலும் ஊரும் அவனுக்குச் சோறு போட்ட காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று பெயர் இல்லாததால் லாபம் யாருக்கு என்று அந்த இளைஞர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம்மிடமே உண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைத்தவர்கள் பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் காலூன்றினார்கள். கைவினை அவர்களுக்குச் சோறு போட்டது, பெயரும் அவர்களிடமே இருந்தது.

புவிசார் குறியீடு இந்த விஷயத்தில் உதவாது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது ஊரின் பெயரை. பதிவு செய்துகொண்ட எந்த அரும்பாவூர்ச் சிற்பியும் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம், நல்ல விஷயம்தான். ஆனா இந்த யாளியை யோசித்தவர் யார் என்று அது சொல்லாது. அதைச் சொல்வது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம். கலைப் படைப்பு என்பதன் வரையறையில் ஓவியம், சிற்பத்தோடு கலைநயமுள்ள கைவினை வேலையும் இருக்கிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூட இல்லை. இதைப் படைத்தவன் நான் என்று உரிமை கொண்டாடும் உரிமையை 57ஆம் பிரிவு தனியாகவே தருகிறது, காப்புரிமையை வேறொருவருக்கு விற்ற பிறகும்கூட. தாலக் கணக்கு யாருக்கும் சொந்தமில்லை. அந்தக் கணக்கை வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டினால் அது கட்டியவருக்குச் சொந்தம்.

சட்டத்தில் இருப்பது பட்டறைக்கு வந்து சேர நாளாகும். வாங்குகிறவர்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிற்பத்தைத் திருப்பி அடிப்பக்கம், முதுகுப் பக்கம் பாருங்கள். மாலைக்கு உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். அப்புறம் கடைக்காரரிடம், இதைச் செய்தது யார் என்று கேளுங்கள். 'அரும்பாவூர்' என்று பதில் வந்தால், அது ஊர், ஆள் யாருங்க என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

நான் அந்த யாளி ஜோடியை வாங்கிவிட்டேன். பில்லில் அவர் பெயரையும் தேதியையும் அவர் கையாலேயே எழுதி வாங்கினேன். பலகையில் இப்போதைக்குப் பதினெட்டுப் புத்தகங்கள் நிற்கின்றன.