எதை அணைப்பது, எதை விடுவது: ஒலிப்பதிவுக் கணினிச் சீரமைப்பு குறித்து

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. காணை ஒன்றியத்திலோ திண்டிவனத்துப் பக்கமோ வீட்டு அறையொன்றில் ஸ்டுடியோ நடத்துபவரை நினைத்துக்கொள்வோம். ஒரு லேப்டாப், இரண்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன். திருவிழாப் பாட்டு, சபைப் பாட்டு, பிரசாரப் பாட்டு, குறும்பட டப்பிங் எல்லாம் அதில்தான். விண்டோஸ் 11 ஏறிய மறுநாள் பதிவின் நடுவே சடசடவென்று ஒலி உடைகிறது. உடனே கைக்கு வருவது, இசைக்காரர்களிடையே சுற்றிவரும் ஒரு பட்டியல்: வைஃபையை அணை, ஆன்டிவைரஸை நிறுத்து, அப்டேட்டை முடக்கு, அனிமேஷனை எடு, ரெஜிஸ்ட்ரியில் கை வை. இந்தப் பட்டியலில் பாதி வேலை செய்யும். எந்தப் பாதி என்பதைத்தான் அது சொல்வதில்லை.

ஒலி ஏன் உடைகிறது என்று தெரிந்தால் அந்தப் பாதியை நாமே பிரித்துவிடலாம். கணினி ஒலியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கையாள்கிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில், 256 மாதிரிகள் கொண்ட ஒரு பஃபர் 5.8 மில்லிநொடியில் தீர்ந்துவிடும். அதற்குள் அடுத்த பொட்டலம் தயாராக வேண்டும். வைஃபை டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ அந்தச் சில மில்லிநொடிகள் பிராசஸரைப் பிடித்துவைத்தால் இடைவெளி விழுகிறது. அதுதான் நம் காதில் விழும் சடசடப்பு. இங்கே பிராசஸரின் சராசரி வேகத்தைவிட, எப்போதாவது நேரும் நீண்ட தாமதமே தீர்மானிக்கிறது. விலை உயர்ந்த லேப்டாப்பும் திணறுவது இதனால்தான்.

ஆகவே மேம்படுத்தலுக்குப் பின் ஒருமுறை சீரமைப்பது வீண் வேலை அல்ல. புதிய விண்டோஸ் ஏறும்போது பழைய அமைப்புகள் பல கலைந்துபோகின்றன. பவர் அமைப்பு மாறியிருக்கலாம். ஒன்டிரைவ் தானாகக் கோப்புகளை மேலேற்றத் தொடங்கியிருக்கலாம். தேடலுக்கான அட்டவணையைப் பின்னணியில் புதிதாகத் தயாரித்துக்கொண்டிருக்கலாம். இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனத்தின் டிரைவர் போய், பொதுவான டிரைவர் உட்கார்ந்திருக்கலாம். நிறுவனத்தின் ஏஎஸ்ஐஓ டிரைவரை மீண்டும் போடுவது, பிராசஸர் தூங்கி விழாமல் பவர் அமைப்பை மாற்றுவது, யுஎஸ்பி போர்ட்டின் உறக்கத்தை நிறுத்துவது ஆகிய மூன்றும் காரணம் தெரிந்து செய்யும் காரியங்கள். முதலில் செய்ய வேண்டியவையும் இவைதான்.

மற்ற வரிகளில் சில, காலாவதியானவை. பின்னணிச் சேவைகளுக்கு முன்னுரிமை கொடு என்னும் அறிவுரை விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மிச்சம். 2007-இல் விஸ்டா வந்தபோதே ஒலி வேலைகளுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடு விண்டோஸுக்குள் வந்துவிட்டது. சாளர அனிமேஷனை எடுப்பதாலும் இன்றைய கணினியில் பெரிய லாபம் இல்லை. இவை கெடுதல் செய்யாதவை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இருபது மாற்றங்களை ஒரே மூச்சில் செய்தவருக்கு, சடசடப்பு நின்றால் எதனால் நின்றது என்று தெரியாது. பிரின்டரோ புளூடூத்தோ வேலை செய்யாமல் போனால் எதனால் போனது என்றும் தெரியாது. எந்த டிரைவர் தாமதப்படுத்துகிறது என்று காட்ட லேட்டன்சிமான் என்னும் மென்பொருள் இருக்கிறது. பட்டியலுக்கு முன் அதைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பவர் குறைவு.

இன்னும் சில வரிகள் ஆபத்தானவை. விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்றொரு பாதுகாப்பு உண்டு. ஒத்துவராத பழைய டிரைவர்களை அது ஏற்றவிடாது. பழைய இன்டர்ஃபேஸ் ஓட வேண்டுமென்றால் அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடு என்கிறது பட்டியல். ஆன்டிவைரஸும் வேண்டாம், அப்டேட்டும் வேண்டாம் என்கிறது. இசைக்கென்று தனிக் கணினி, இணையத்துக்கென்று வேறொன்று என வைத்திருக்கும் பெரிய ஸ்டுடியோவுக்கு இது பொருந்தலாம். வாட்ஸ்அப்பில் ட்ராக் வாங்கி, செல்போன் நெட்டில் அனுப்பி, அதே லேப்டாப்பில் பணப் பரிமாற்றமும் பார்ப்பவருக்கு அது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதுதான். கிராக் செய்த ப்ளக்-இன்னும் உள்ளே இருந்தால் கேட்கவே வேண்டாம். பதிவு நேரத்தில் மட்டும் ஏரோபிளேன் மோடு போடலாம். ஒலி மாதிரிகள் உள்ள ஃபோல்டரை மட்டும் ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்கலாம். பலன் ஏறக்குறைய அதேதான். ஆபத்து மிகக் குறைவு.

பட்டியல் எழுதியவர்கள் நினைக்காத இன்னொன்று, மின்சாரம். பல லேப்டாப்களில் சார்ஜரில் ஓடும்போது ஒரு பவர் அமைப்பு, பேட்டரியில் ஓடும்போது வேறொன்று. பட்டியல் முதலாவதை மட்டும் சொல்லும். கரண்ட் போன நொடியில் கணினி சிக்கன நிலைக்குப் போய், பாதிப் பாட்டில் ஒலி உடையும். எர்த் சரியில்லாத பிளக்கில் சார்ஜர் செருகியிருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மைக்கில் ஏறும். அதற்கு விண்டோஸில் மருந்து கிடையாது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் பதிவது ஓர் எளிய வழி. ஆனால் அப்போதும் பேட்டரி அமைப்பு சரியாக இருந்தாக வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய குறை, பஃபரைச் சிறிதாக்கி, வாசிப்பதற்கும் கேட்பதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைப்பதே எல்லார்க்கும் இலக்கு என்று இந்தப் பட்டியல் எடுத்துக்கொள்வது. தெருக்கூத்துக் குழு ஒன்றைப் பதிவதாக வைத்துக்கொள்வோம். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் எல்லாம் ஒரே இடத்தில். ஒருவரையொருவர் நேரே கேட்டுத்தான் வாசிக்கிறார்கள். கணினி எவ்வளவு தாமதித்தாலும் அவர்களுக்கு அது தெரியப்போவதில்லை. பஃபரை 1,024 என்று வைத்து நிம்மதியாகப் பதியலாம். ட்ராக் மேல் குரல் பதிபவருக்கு இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டர் இருக்கிறது. அவர் குரல் கணினிக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. கீபோர்டைத் தொட்டுக் கணினிக்குள் இருக்கும் வாத்தியத்தை வாசிப்பவருக்குத்தான் 128-ம் 256-ம் தேவை. அங்கும் அளவு உண்டு: காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகிறது. 256 பஃபரின் தாமதம், ஸ்பீக்கரை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தது போலத்தான்.

இதற்கெல்லாம் முன்பே எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு: இப்போது மேம்படுத்தத்தான் வேண்டுமா? 2019-இல் ஆப்பிளின் மேக் இயங்குதளமான கேட்டலினா 32-பிட் மென்பொருள்களைக் கைவிட்டபோது பழைய ப்ளக்-இன்கள் பல ஓடாமல் போயின. எந்த அமைப்பை மாற்றியும் அவற்றை மீட்க முடியவில்லை. இன்டர்ஃபேஸுக்கு விண்டோஸ் 11 டிரைவர் வராவிட்டாலும் அதே கதைதான். விண்டோஸ் 10-இலேயே இருக்கும் தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கையில் உள்ள வேலைகளை முடித்து, டிரைவர் உண்டா என்று பார்த்து, முழு பேக்கப் எடுத்தபின் மாறுவதே தொழிலுக்கு நல்லது. ஏறியபின் பழையதற்குத் திரும்ப விண்டோஸ் தரும் அவகாசம் வழக்கமாக 10 நாள்தான். சிக்கலான பாட்டொன்றை அந்த நாள்களுக்குள் ஓட்டிச் சோதித்துவிட வேண்டும். அதன்பிறகு சீரமைப்பை ஒவ்வொன்றாகச் செய்யலாம். ஒரு மாற்றத்தால் பதிவில் என்ன வித்தியாசம் வந்தது என்று சொல்ல முடியாவிட்டால், அதைப் பழையபடியே வைத்துவிடலாம்.