தைத்துக்கொண்ட காதுகள்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை பிறந்த இடம் இதுதான் என்பது ஊர் நம்பிக்கை. அதன் முதல் பாட்டில் விடியலில் வாசலுக்கு வந்த பெண்கள், இன்னும் எழாத தோழியிடம் உன் காதுக்கு இது கேட்கவில்லையா என்கிறார்கள். பாடியவர் ஆண், பேசும் குரல்கள் பெண்களுடையவை. அதைப் பற்றித் தனியே பேசலாம். எனக்கு முக்கியம் அந்தக் கேள்வி. ஒரு பெண்ணின் காதைப் பார்த்து ‘கேட்டதா’ என்று கேட்கிற கேள்வி அது. நம் வீடுகளில் பெண்ணின் காதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் வேறு இரண்டைத்தான் கேட்டார்கள்: அதில் என்ன தொங்குகிறது, அது எப்படி இருக்கிறது.

ஒரு பௌர்ணமி இரவு அந்தக் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, தெற்கிலிருந்து வந்த ஒரு பாட்டி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். காது மடல்கள் கழுத்துவரை தொங்கின. நகை எதுவும் இல்லை. கல்லூரி வயதுப் பெண்கள் இருவர் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். பாட்டி சட்டென்று முந்தானையை இழுத்துக் காதை மூடினார். “மூளிக் காதைப் படம் பிடிச்சு என்னத்தா செய்யப் போறீக?” என்றார். “அழகா இருக்கு பாட்டி” என்றார்கள் பெண்கள். இரண்டு பேச்சிலும் பொய் இல்லை. ஒரே காது ஒருவருக்கு மூளி, இன்னொருவருக்கு அழகு. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் பெண்ணுடல் காலங்காலமாக அறுபட்டும் தைக்கப்பட்டும் வந்திருக்கிறது.

மதுரை, தேனி, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களில் ‘காது வளர்த்தல்’ என்பது பெண் குழந்தைக்குச் செய்யும் கடமையாக இருந்தது. சின்ன வயதில் காதைக் குத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, அது ஆறியதும் ஈயக் குணுக்கு மாட்டி, கனத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மடல் நீண்ட பிறகு தண்டட்டியோ பாம்படமோ ஏறும். உள்ளே அரக்கு, மேலே பொன் தகடு. பெண்ணின் பெயரில் நிலம் இல்லாத குடும்பங்களில் அவள் கையில் இருந்த சேமிப்பு அது. பஞ்சத்தில் அடகுக்குப் போனதும் அதுதான். ஆகவே இதை வெறும் கொடுமை என்று சொல்லி முடித்துவிட முடியாது. வெறும் அழகு என்று சொல்லவும் கூடாது. சீழ் வைத்து, தலை சாய்த்துப் படுக்க முடியாமல் அழுத சிறுமியை யாரும் அனுமதி கேட்கவில்லை.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில், நீட்டிய காதை உடற்சிதைவு பற்றிய அத்தியாயத்தில் சேர்த்தார். அவருடைய நாட்டுப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டி மூச்சு முட்ட நடந்த காலம் அது. அதற்கு நாகரிகம் என்று பெயர். மிஷனரிகளும் காது வளர்ப்பதை எதிர்த்தார்கள். பள்ளிக்கூடம், நகர வேலை, சினிமா எல்லாம் வந்து, சின்னத் தோடு போட்ட காதே படித்த காது என்று ஆனது.

என் அப்பத்தா காதை ‘ஒட்டிக்கொண்டவர்’. தொங்கிய மடலை அறுத்து, மிஞ்சியதைச் சேர்த்துத் தைத்த காது. மடலின் நடுவில் ஒரு தழும்புக் கோடு, அதன் ஓரத்தில் புதுத் துளை, அதில் ஒரு கல் தோடு. டவுனில் வேலை பார்த்த மகன் வீட்டுக்கு வரும்போது ‘பட்டிக்காடு’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அதைச் செய்துகொண்டாராம். “வளக்கையிலயும் அழுதேன், அறுக்கையிலயும் அழுதேன்” என்பார். முதல் தடவை அவரை அழகாக்கினார்கள். இரண்டாவது தடவை அந்த அழகைத் திருத்தினார்கள்.

2023இல் வந்த ராம் சங்கையாவின் ‘தண்டட்டி’ படத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். சாவு வீட்டில் இறந்து கிடக்கும் கிழவியின் காதில் இருந்த தண்டட்டி காணாமல் போகிறது. ஏட்டையாவாக வரும் பசுபதி அதைத் தேடுகிறார். பிணமாகக் கிடக்கிறார் ரோகிணி. சாவு வீட்டுப் பெண்களின் வாயும் கேலியும் ஒப்பாரியும் நம் சினிமாவில் இவ்வளவு உயிரோடு வந்தது அரிது. பிள்ளைகளின் பேராசையையும் படம் கூச்சமில்லாமல் காட்டுகிறது. ஆனால் அந்தத் துப்பறிதல் நகையைப் பற்றியது. அந்த நகை தொங்க ஒரு காது எப்படிச் செய்யப்பட்டது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது இன்னொரு விசாரணை. அதை நாம்தான் நடத்த வேண்டும்.

ஏனென்றால் அது முடிந்துபோன கதை இல்லை. இன்று காதைத் திருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு ‘ஓட்டோபிளாஸ்டி’ என்று பெயர். 1881இல் நியூயார்க் மருத்துவர் எட்வர்ட் டால்பட் ஈலி, புடைத்த காதுக்காகக் கேலி செய்யப்பட்ட 12 வயதுப் பையனுக்குச் செய்ததை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். காதின் பின்பக்கம் கீறி, குருத்தெலும்பை மடித்து, உள்ளே நிரந்தரத் தையல் போட்டுத் தலையோடு ஒட்ட வைக்கிறார்கள். 5, 6 வயதிலேயே காது ஏறக்குறைய முழு வளர்ச்சியை எட்டிவிடுவதால், பள்ளிக்குப் போகும் முன்பே செய்துவிடலாம் என்று பெற்றோருக்குச் சொல்லப்படுகிறது. குழந்தைக்கு முழு மயக்கம் வேண்டும். இரத்தக்கட்டு, தொற்று, காது மறுபடி பழையபடி புடைப்பது ஆகிய சிக்கல்கள் வரலாம். கறுத்த தோலில் கீலாய்டு எனும் தடித்த தழும்பு வரும் வாய்ப்பு கூடுதல். இவ்வளவும் எதற்கு? புடைத்த காதில் வலி இல்லை. அது நன்றாகவே கேட்கும்.

நோய் காதில் இல்லை. ‘முறக்காது’ என்று கூப்பிடும் வகுப்பறையில் இருக்கிறது. கேலி செய்பவன் நாக்கைத் திருத்தாமல், கேலிக்கு ஆளாகும் குழந்தையின் காதைத் திருத்துகிறோம். கறுப்புக்குக் களிம்பும், குண்டுக்குப் பட்டினியும் சொன்ன அதே தர்க்கம் இது. ஆண் குழந்தைக்கும் இந்தக் கேலி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெண் குழந்தை என்றால் அந்தக் காதுக்குப் பின்னால் ஒரு கல்யாணச் சந்தை நிற்கிறது. “இப்பவே சரி பண்ணிட்டா பின்னாடி பிரச்சினை இருக்காது” என்பதில் அந்தப் ‘பின்னாடி’ எது என்று எல்லா அம்மாக்களுக்கும் தெரியும்.

எல்லாக் காது சிகிச்சையையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. காதே உருவாகாமல் பிறக்கும் குழந்தைக்கு விலா எலும்புக் குருத்தை எடுத்துக் காது செய்து தருகிறார்கள். அது பெரும் உதவி. கனத்த கம்மலால் கிழிந்த மடலைத் தைப்பதும் நம் மண்ணுக்குப் புதிதல்ல. சுசுருதர் காது ஒட்டுவதற்கு 15 முறைகளை வகுத்திருக்கிறார். தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வயதில் ஒரு பெண் காதைத் திருத்திக்கொள்ள விரும்பினால், அவளை ‘அழகுப் பைத்தியம்’ என்று திட்டும் உரிமையும் நமக்கில்லை. அப்பத்தாவை நான் திட்டுவேனா? அவமானத்தோடு வாழ்வதைவிட ஒரு தழும்போடு வாழ்வது எளிது என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைப் போட வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

5 வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்கைப் பெரியவர்கள் போடுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அவள் அதைப் போடும் வயது வரும்வரை காத்திருங்கள். காது எங்கும் போய்விடாது. பெரியவர்களானபின் செய்துகொள்ளவும் வழி இருக்கிறது, அதற்குப் பல நேரம் முழு மயக்கமும் தேவைப்படுவதில்லை. அதுவரை பள்ளியோடு பேசலாம், கேலி செய்யும் மாமாவை வாய் மூடச் சொல்லலாம். இதற்குச் செலவில்லை, தழும்பும் இல்லை.

அன்றிரவு அந்தப் பெண்கள் படம் எடுக்கவில்லை. போனை உள்ளே வைத்துவிட்டுப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். “இதெல்லாம் எப்படிப் பாட்டி பண்ணுவாங்க, வலிக்காதா?” என்று ஒருத்தி கேட்டாள். பாட்டி முந்தானையை விலக்கிப் பேசத் தொடங்கினார். வெகுநேரம் பேசினார். அந்தப் பெண்களின் காதுகள் புடைத்திருந்தனவா, ஒட்டியிருந்தனவா என்று எனக்கு நினைவில்லை. கேட்டுக்கொண்டிருந்தன.