விஷத்துக்கு விஷம்

கைப்பேசிக் கம்பெனிகளின் பேராசையைக் கண்டித்து ஒருவர் எழுதினால், "உம் கையில் இருப்பது யாருடைய கைப்பேசி?" என்று உடனே கேட்கிறார்கள். கேட்டவருக்கு வழக்கில் ஜயித்துவிட்ட திருப்தி. கேள்வி பழையது. 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் காந்திஜி எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலிலேயே அது வந்துவிடுகிறது. பிரயாணம் நீராவிக் கப்பலில், வைததோ யந்திரத்தை! இந்தப் பேச்சையும் யந்திரந்தானே அச்சடிக்கப்போகிறது என்று நூலில் வரும் 'வாசகர்' மடக்குகிறார். சில சமயம் விஷத்தை விஷத்தால்தான் முறிக்க வேண்டியிருக்கிறது என்கிறார் 'ஆசிரியர்'. தமக்கு எதிரான கேள்வியைத் தாமே எழுதிவைத்த துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது. பதில்தான் சற்றுச் சுலபமாகப் படுகிறது. யார்தான் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது?

1924-ல் அவர் சொன்னது இன்னும் கனமானது. சிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி படும் பாட்டைக் கண்டு அன்பினால் சிங்கர் செய்தது என்றார். (சிங்கரின் குடும்ப வாழ்க்கையை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.) அதைச் செய்யத் தொழிற்சாலை வேண்டுமே என்று, பிற்காலத்தில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன் விடாமல் கேட்டார். வேண்டும்தான், ஆனால் அது தேசத்தின் உடைமையாகவோ சர்க்காரின் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்றார் காந்திஜி. பிடித்த யந்திரத்துக்கும் அதே அளவுகோல்! நம் விவாதக்காரர்களிடம் நான் தேடுவது இதைத்தான். பிடிக்காத கம்பெனி நம் விவரங்களைத் திரட்டினால் வேவு என்கிறார்கள். பிடித்த கம்பெனி திரட்டினால் வசதி என்கிறார்கள். அவர்கள் கையில் எந்தக் கைப்பேசி இருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன்.