தகடூர்: பெயரும் பொருளும், ஒரு மதிப்பீடு

தகடூர் என்பது இன்றைய தருமபுரியின் பழம்பெயர். சங்ககாலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை இதனை வென்று 'தகடூர் எறிந்த' என்னும் அடைமொழி பெற்றான். பதிற்றுப்பத்தின் 8ஆம் பத்தில் அரிசில் கிழார் பாடியது இவனையே. அப்போரைப் பொருளாகக் கொண்ட 'தகடூர் யாத்திரை' முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியுள்ளன.

இப்பெயருக்குப் பொருள் கேட்டால், "தகடு + ஊர், இரும்பை உருக்கித் தகடாக அடித்த ஊர்" என்ற விடையே பெரும்பாலும் வருகிறது. ஓசூர்ப் பட்டறைகளில் தகடு வெட்டுவதைப் பார்த்து வளரும் மாணவருக்கு இவ்விளக்கம் இனிக்கவே செய்யும். கிருட்டிணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனத் தமிழக அரசு 2022இல் அறிவித்தபின், இதற்கு வலுவும் கூடியது போலத் தோன்றுகிறது. ஆனால் அந்த அகழாய்வு காட்டுவது இரும்பின் பழமையை. ஊர்ப்பெயரின் பொருளை அன்று. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது தவறு.

இலக்கணமும் இங்கே இடறுகிறது. தகடு என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். நெடில்தொடரிலும் உயிர்த்தொடரிலும் டு, று என முடியும் சொற்கள் வேற்றுமைப் புணர்ச்சியில் பெரும்பாலும் ஒற்று இரட்டும் என்பது நன்னூல் விதி. காடு + ஊர் காட்டூர் ஆவது அப்படித்தான். அவ்வாறாயின் தகடு + ஊர் 'தகட்டூர்' ஆக வேண்டும். வேதாரண்யம் வட்டத்தில் தகட்டூர் என்றே ஓர் ஊர் உள்ளது! தருமபுரியின் பழம்பெயரோ இரட்டாமல் நிற்கிறது. விதியில் 'பெரும்பாலும்' என்ற இடம் இருப்பதால் தகடு என்ற விளக்கத்தை அடியோடு தள்ள முடியாது. ஐயமின்றி எழுதும் உரிமையும் இல்லை.

கன்னடத்தில் நிலை வேறு. நம் காட்டுப்பன்றி அங்கே காடுஹந்தி, ஒற்று இரட்டுவதில்லை. தகடு என்ற சொல் அம்மொழியிலும் உண்டு. மைசூர் மாவட்டம் நஞ்சன்கூடு வட்டத்தில் ஒரு தகடூரும் உண்டு. இதைக் கொண்டு தருமபுரியின் பெயரே கன்னடம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. சங்க நூலில் இடம்பெற்ற பெயரை அவ்வளவு எளிதாக மொழி மாற்ற முடியாது. 'ஹொச ஊரு', அதாவது புது ஊர், என்று ஓசூருக்குப் பொருள் சொல்வதில் சிக்கல் இல்லை. செவிடபாடி என்ற பழம்பெயர் வழங்கிய இடத்தில் பிறகு வந்த பெயர் அது. தகடூர் அத்தகையதன்று.

தகர் (மேட்டுநிலம்) + ஊர் என்ற விளக்கம் இன்னும் மெலிந்தது. ரகரம் டகரமானதற்குக் காரணம் காட்ட வேண்டுமே.

போளூர் அருகே திருமலையில் உள்ள விடுகாதழகிய பெருமாளின் கல்வெட்டை இவ்விளக்கங்களைச் சொல்வோர் அதிகம் கவனிப்பதில்லை. அதியமான் மரபில் பிற்காலத்தில் வந்தவன் அவன். அக்கல்வெட்டின் வடமொழிப் பகுதி பெயர்களைப் பொருள் பார்த்து மொழிபெயர்க்கிறது. எழினி என்றால் திரை; ஆகவே 'யவனிகா'. விடுகாதழகியவன் 'வியாமுக்த சிரவணோஜ்வல' ஆகிறான். ஊர்ப்பெயர் வரும்போது மட்டும் பொருள் பெயர்க்காமல், ஒலியை வைத்துத் 'தகடா' என்று எழுதிவிடுகிறது. தமிழ்ப் பகுதியில் 'தகடை' என்ற மரூஉ வருகிறது. உலோகத் தகடு என்ற பொருள் அந்நாளில் எல்லோரும் அறிந்ததாக இருந்திருந்தால், காதழகைக்கூட மொழிபெயர்த்த புலவர் இதை விட்டிருப்பாரா? ஊர்ப்பெயர்களைப் பெயர்க்காமல் விடும் வழக்கமும் உண்டு என்பதால் இது முடிந்த சான்று ஆகாது. ஆனால் வெறும் சொற்பிரிப்பைவிடக் கனமான சான்று.

தருமபுரி என்ற பெயரும் தனித்ததன்று. தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் ஒரு தருமபுரி இருக்கிறது. தகடூர் என்ற பழம்பெயரோ இன்று ஊரைவிட ஆட்களோடும் ஆக்கங்களோடும் ஒட்டி வாழ்கிறது. கணினித் தமிழுக்கு எழுத்துரு மாற்றிகளை ஆக்கித் தந்த தகடூர் கோபி, அவற்றுள் ஒன்றுக்கு 'அதியமான்' என்றே பெயரிட்டிருந்தார்.