தேக்கும் தோற்கும் இடம்

போத்தனூருக்குக் கடலில்லை; ஆயினும் 1862-இல் மதராஸிலிருந்து இவ்வூர் வழியே பேப்பூர் வரை ஓடத் தொடங்கிய இருப்புப் பாதை, உரு என்னும் பெரும் மரக்கலங்களைக் கட்டிவந்த தச்சர்களின் துறையோடு கொங்கு நாட்டைப் பிணைத்துவிட்டது. அதற்கும் முன்பே, டாப்ஸ்லிப் மேட்டிலிருந்து சரித்துவிடப்பட்ட ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் தளத்தை நாடிச் சென்றுகொண்டிருந்தது. ஆகவே படகுக்கு எம்மரம் உத்தமம் என்று கேட்டால், கோவை காஸ் வனக் காட்சிசாலையில் மரத்துண்டுகளின் ரேகைகளைப் பார்த்துப் பழகிய எந்த ரசிகரும் யோசியாமல் தேக்கென்றே சொல்லுவார். பைபர் படகைப் பழுதுபார்க்கையில் அந்த விடை செல்லாமற் போவதில்தான் அத்தொழிலின் சுவாரஸ்யம் இருக்கிறது.

இவ்வகைப் படகின் தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள், பெரும்பாலும், கண்ணாடி இழையும் ரெசினும் போர்த்திய மரங்களே. ஆணித் துவாரம் ஒன்றின் வழியாக உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கி, மரத்தின் ஈரம் சுமார் இருபது சதவீதத்தைத் தாண்டி நிலைக்குமானால், பூஞ்சணம் தன் வேலையைத் தொடங்கிவிடும். மேலுறையோ பளபளப்புக் குன்றாமல் நிற்கும். அனுபவமுள்ள கைவினைஞர் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், கணீரென்ற ஓசை மொத்தென்று அடங்கும் இடத்தில் நின்று, மெல்லிய துளையிட்டு, வெளிவரும் தூள் கறுத்து நனைந்திருக்கிறதா என்று பார்ப்பார். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவரின் செவி இவருக்கும் வேண்டும்.

இனி, உளுத்துப்போன சட்டத்துக்கு மாற்று வஸ்துவைத் தேர்வதற்கு வருவோம். தேக்கைச் செல்லுக்கும் நீருக்கும் எட்டாமற் காக்கும் அதன் எண்ணெய்ப் பசையே, ரெசின் அதைப் பற்றவொட்டாமல் தடுக்கிறது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து, பாலியெஸ்டருக்குப் பதிலாக எபாக்சியை நாடினால் ஓரளவு தேறலாம். எங்களூர் ரயில்வே ஊராதலால், மலிவு கருதிப் பழைய ஸ்லீப்பர் கட்டையைச் சிபாரிசு செய்வாரும் உண்டு. கிரியோசோட் ஊறிய கட்டை ரெசினுக்குப் பரம வைரி. ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற மரைன் பிளைவுட் நம்பத் தகுந்ததுதான்; ஆனால் அதன் ஏடுகளில் பாதியளவு குறுக்கே கிடப்பதால் நீளவாட்டு விறைப்பு குறைவு, வெட்டிய ஓரங்களும் நீரைக் குடிக்கும்.

என் அபிப்பிராயம் அடர்த்தியான பாலியூரித்தேன் நுரைக்கே. கன மீட்டருக்குத் தேக்கு அறுநூற்றைம்பது கிலோ நிறுக்குமிடத்தில் இது எண்பது கிலோதான் நிறுக்கும். பலமற்ற பண்டமென்று நகைப்பவர்கள், சட்டத்தின் விறைப்பு உயரத்தின் முப்படியில் வளருகிறதென்பதையும், போதிய தடிமனில் போர்த்திய கண்ணாடி இழையே பாரத்தைச் சுமக்க, உள்ளிருக்கும் பொருள் வெறும் அச்சாக நின்றாற் போதுமென்பதையும் மறந்துவிடுகிறார்கள். தெர்மோகோலை மட்டும் அருகில் கொண்டுவரலாகாது. பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும்.

எஞ்சின் அமரும் பகுதியில் நுரை நசுங்கும், திருகாணியும் பிடிக்காது. அங்கே மட்டும் வைரம் பாய்ந்த வேங்கையையோ பிளைவுட்டையோ பதிக்கலாம். மூலைகளைக் கூராக விடாமல் ரெசின் மாவு பூசி வளைத்தால்தான் இழை படியும். நீர் வடிவதற்கென்று சட்டத்தில் இடும் துவாரத்துக்கு உள்ளே குழாய் செருகி, அதன் விளிம்பையும் ரெசினால் அடைத்த பிறகே தளப்பலகையை மூடவேண்டும்.