அறுபதை எண்பத்தேழாக்கும் கணக்கு

நெய்வேலிச் சுரங்க வாசலில் ஷிப்ட் விடும் நேரத்தில் ஒருவரை நிறுத்தி, நொடிக்கு ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, ஆள் தெரிந்தால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொருவராக வரும்வரை கணக்கு பிசகாது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து வந்தாலும் விழுவது ஒரே கோடுதான்.

2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட இந்தியச் செயற்கைக்கோள் அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கி யூவிட்டுக்கும் இதே சிக்கல். நொடிக்கு ஏறக்குறைய 29 ஃபிரேம் எடுக்கிறது. ஒரே ஃபிரேமில் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்தால் ஒன்று என்றே எண்ணும். பிரகாசமான விண்மீன் மங்கலாகப் பதிவாகிவிடும்.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கேமராவில் கோளாறு வேறு வகை. பிக்சலில் மின்னூட்டம் சேரச் சேர அதன் துலங்கல் குறையும். அளந்து பார்த்து, ஒரு வளைகோட்டைப் பொருத்தித்தான் திருத்த வேண்டும். யூவிட்டில் காரணமே கணிதமாக இருக்கிறது. காலியாகப் போன ஃபிரேம்களே உண்மையைச் சொல்லிவிடும்: நூற்றில் 40 காலி என்றால், பதிவானது 60, தற்செயலாக வருபவற்றின் எண்ணிக்கைக்கான பாய்சான் விதிப்படி வந்திருக்க வேண்டியவை சுமார் 92. இந்தத் தெளிவுதான் இம்முறையின் பெரிய பலம்.

ஆனால் நடைமுறை அவ்வளவு சுத்தமில்லை. விண்மீனின் ஒளி ஒரு புள்ளியில் அடங்குவதில்லை; விளிம்பில் விழும் ஃபோட்டான்கள் தனியாகவும் எண்ணப்படும். அதனால் யூவிட் விஞ்ஞானி டாண்டனின் குழு 2017இல் வெளியிட்ட அளவீட்டில், விதி தரும் கூடுதலை 0.89, 0.30 என்ற இரு எண்களால் குறைத்தார்கள். 92 என்பது 87 ஆனது. இந்த இரண்டும் அளந்து பொருத்தியவை. விதியிலிருந்து பிறந்தவை அல்ல. கடைசியில் இங்கும் வளைகோடுதான்! சூத்திரம் ஃபிரேமுக்கு 0.6 எண்ணிக்கை வரைதான் செல்லும். அந்த எல்லையில் எண்ணிக்கையில் நேரும் 1 சதவீதப் பிழை, திருத்தியபின் ஒன்றரை சதவீதமாகப் பெருகும்.

தனி விண்மீனுக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். நெருக்கமான கொத்தின் நடுவிலோ, விண்மீன்மண்டல மையத்திலோ அதே சூத்திரத்தைப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. அது புள்ளி ஒளிக்கு வகுத்த கணக்கு. திருத்திய ஒளி அளவை வெளியிடுவோர், திருத்தாத எண்ணிக்கையையும் பக்கத்தில் தர வேண்டும். பின்னால் வருபவர் வேறு திருத்தம் போட்டுப் பார்க்க அதுவே வழி.

கோளாறை முளையிலேயே குறைக்கவும் முடியும். பார்வைப் பரப்பைச் சுருக்கினால் நொடிக்கு 600 ஃபிரேமுக்கு மேல் எடுக்கலாம். சுற்றிலும் உள்ள விண்மீன்கள் படத்தில் இருக்காது. பிரகாசமான ஒற்றை இலக்கு என்றால் அந்த இழப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.