ஒரு நாமம் பூண்ட புனிதர் பலர்

ஆதித் திருச்சபையின் புனிதர் சரித்திரங்களை ஆராயப் புகுவோர், ஒரே நாமம் பூண்ட பலரை இன்னார் இன்னாரெனப் பிரித்தறிவதிலேயே தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டியவராகின்றனர். கிரேக்கரிடையே பெருவழக்காக இருந்த தியோனீசியு என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். 2ஆம் நூற்றாண்டில் கொரிந்து நகரின் ஆயராக இருந்து பல சபைகளுக்கு நிருபங்கள் வரைந்தவர் ஒருவர். 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் மற்றொருவர். அவரோடு திரித்துவ உபதேசம் பற்றிக் கடிதத் தொடர்பு கொண்ட ரோமாபுரிப் பாப்பரசரும் அதே பெயரினர். இம்மூவருடைய ஆசனமும் காலமும் தெளிவாகத் தெரிவதால் இவர்களைப் பிரித்தறிவதில் சிரமமில்லை.

சிரமமெல்லாம் வேறு மூவரைப் பற்றியது. ஏதென்ஸில் பவுலடியாரின் பிரசங்கத்தைக் கேட்டு விசுவாசியான அரேயோபாகு மன்றத்தார் ஒருவரை அப்போஸ்தலர் பணிகள் 17ஆம் அதிகாரம் ஒரே வசனத்தில் குறிப்பிட்டு விட்டுவிடுகிறது. தேசியு சக்கரவர்த்தியின் காலத்தில், அதாவது 250ஆம் ஆண்டை ஒட்டி, கால் நாட்டுக்கு அனுப்பப்பெற்றுப் பாரிஸில் வேதசாட்சியாக மரித்த ஆயரைத் தூர்நகர் கிரகோரியார் 6ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். மூன்றாமவரோ, தேவநாமங்களைப் பற்றியும் வானுலகப் படிநிலைகளைப் பற்றியும் ஆழ்ந்த கிரந்தங்கள் இயற்றி, தாமே அந்த ஏதென்ஸ் நகரத்தவர் என்று சொல்லிக்கொண்ட, மெய்ப்பெயர் அறியப்படாத ஞானி. 532இல் கான்ஸ்தாந்திநோப்பிளில் நடந்த விவாதத்தில் இந்நூல்கள் சான்றாகக் காட்டப்பட்டபோது, பண்டைய ஆசாரியர் எவரும் இவற்றை அறிந்திலரே என்று எபேசு ஆயர் இப்பாத்தியு ஆக்ஷேபித்தார். ஆயினும் அந்தச் சந்தேகம் நெடுநாள் நிலைக்கவில்லை.

827இல் பைசாந்தியச் சக்கரவர்த்தி இரண்டாம் மிக்கேல், பிரான்கியரின் மன்னர் பக்திமான் லூயிக்கு இக்கிரந்தங்களின் பிரதியொன்றைக் காணிக்கையாக அனுப்ப, அது பாரிஸுக்கருகில் வேதசாட்சியின் கல்லறைமீது எழுந்த சேன் தெனி மடத்தைச் சேர்ந்தது. மடாதிபதி இல்துவேன், மன்னரின் ஆணைப்படி எழுதிய சரித்திரத்தில் மூவரையும் ஒருவராக்கிவிட்டார். தங்கள் பாதுகாவலர் பவுலின் சீடர் என்பதில் அம்மடத்தார் கொண்ட பெருமிதம் எத்தகையதென்றால், 12ஆம் நூற்றாண்டில் அங்கே துறவியாக இருந்த அபெலார், வணக்கத்துக்குரிய பீடரின் கூற்றொன்றைக் காட்டி ஐயம் எழுப்பியதற்காக இரவோடிரவாக மடத்தைவிட்டு ஓட நேர்ந்தது. 15ஆம் நூற்றாண்டில் அறிஞர் லொரென்ஸோ வல்லா, இந்நூல்களை ஏதென்ஸ் தியோனீசியார் இயற்றினார் என்பதை மறுத்தார். 1895இல் ஹூகோ கோக், யோசேப்பு ஸ்டிக்ல்மாயர் என்னும் இருவர் தனித்தனியே ஆராய்ந்து, தீமையைப் பற்றிய பகுதி 485இல் மரித்த தத்துவாசிரியர் புரோக்குலுவின் நூலைத் தழுவியதென நிரூபித்தபின் வழக்கு தீர்ந்தது.

1643இல் புனிதர் சரித்திரத் தொகுதிகளை வெளியிடத் தொடங்கிய போல்லாந்தியர் என்னும் சேசு சபை அறிஞர் மரபு இத்துறைக்குச் செய்த தொண்டு பெரிது. அம்மரபில் வந்த இப்போலீத் டெலஹே, புனிதரொருவரை அடையாளங்காண அவர் அடக்கமான இடமும் திருநாளுமே உறுதியான ஆதாரங்கள் என்று வற்புறுத்தினார். சரித்திரம் எழுதினவர் கற்பனையைக் கலக்கலாம். ஆண்டுதோறும் ஒரே கல்லறையில் ஒரே நாளில் கூடிய ஜனங்களின் வழக்கமோ எளிதில் பிறழ்வதில்லை. இத்தகைய ஆராய்ச்சி பக்திக்குப் பங்கம் விளைவிக்கும் என்று அஞ்சுவோரின் கருத்தை நான் ஏற்கவில்லை. பிறர் புகழைச் சுமந்து தம் சொந்த முகத்தை இழந்திருந்த பாரிஸ் வேதசாட்சிக்கு, அவர் சிந்திய இரத்தத்தின் மகிமையை மீட்டுத் தந்தது இந்த ஆராய்ச்சியே. இன்றைய ரோமைச் சபையின் வேதசாட்சிகள் பட்டியலில் ஏதென்ஸ் தியோனீசியாருக்கு அக்டோபர் 3ஆம் நாளும், பாரிஸ் தியோனீசியாருக்கும் அவர்தம் தோழருக்கும் அக்டோபர் 9ஆம் நாளும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன.